வயல்காற்றுக்குக் கணக்கு எழுதும் வேலை

அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காட்டுக்கு மேலே ஒரு கோபுரம், காடும் காற்றும் கொடுத்து வாங்கும் கரியமிலவாயுவை அளக்கிறது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் திட்டம் அது. நெல்வயலில் இதே அளவீட்டைக் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது. வேளாண்மை, இயற்பியல், சுற்றுச்சூழல் படித்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டும் வேலை.

பயிருக்கு மேலே ஒரு கம்பம், இரண்டு கருவிகள். ஒன்று ஒலியலையால் காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும். மற்றது அகச்சிவப்புக் கதிரால் வாயுவின் அடர்த்தியைப் பார்க்கும். விநாடிக்கு 10 அல்லது 20 முறை பதிவாகி, அரைமணிக்கு ஒரு எண்ணாகச் சேரும். கழித்தல் குறி வந்தால் பயிர் வாயுவை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம்.

பணம் இருந்தால் கம்பத்தை யாரும் நட்டுவிடலாம். இடம் பார்ப்பதில்தான் சாமர்த்தியம். கருவி பயிருக்கு 2 மீட்டர் மேலே என்றால், காற்று வரும் திசையில் சுமார் 200 மீட்டருக்கு ஒரே பயிர் வேண்டும் என்பது தோராயக் கணக்கு. துண்டு வயல், தென்னை, வீட்டுமனை, ஆறு என்று மாறிமாறி வரும் அரியாங்குப்பத்தில் அது லேசில் அமையாது. பாகூர்ப் பக்கம் தேடலாம்.

அடுத்த தொல்லை இரவு. காற்று அசையாவிட்டால் மண்ணும் வேரும் விடும் வாயு கருவியை எட்டாது. மழையில் கருவியின் கண்ணாடி நனைந்தாலும் எண் பொய்யாகும். எந்த அரைமணியைத் தூக்கி எறிவது, அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று சொல்லத் தெரிந்தவருக்கே, என்னைக் கேட்டால், வேலை கொடுக்க வேண்டும். அதற்கு ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி பழகுங்கள். இந்தப் பதிவுகளைக் கணக்கிடும் எடிப்ரோ மென்பொருள் இலவசம். இத்தகைய கோபுரங்களின் ஃப்ளக்ஸ்நெட் தரவுகளும் அப்படியே.

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி, வளிமண்டல அறிவியல் தாள் ஒரு வாசல். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் பெரும்பாலும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அதை அறிந்தே இறங்குங்கள்.

இன்னொன்று. வயல் இவ்வளவு கரிமத்தை இழுத்தது என்று கருவி சொல்லும். நெல்லாக வண்டியேறிப் போனது அதற்குத் தெரியாது. மீத்தேனாக வெளியேறுவதை அளக்கவும் தனிக் கருவி வேண்டும். ஆகவே அறுவடையன்று எடை போடும் இடத்தில் நின்று மூட்டைக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்; வைக்கோல் யார் வீட்டு மாட்டுக்குப் போகிறது என்பதையும்.