குழந்தை வளர்ப்பும் வழிபாடே

“குழந்தை பிறந்த பிறகு ஜபத்திற்கும் தியானத்திற்கும் நேரமே கிடைப்பதில்லை” என்று இல்லறத்திலுள்ள சாதகர்கள் பலர் வருந்துவதுண்டு. எழுப்புதல், நீராட்டுதல், ஊட்டுதல், உறங்கச் செய்தல் என ஒரே பணிகள் நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை ஆன்மிக வாழ்வுக்குத் தடையா, அல்லது இவையே சாதனையா?

ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. யசோதை தயிர் கடைகிறாள். கண்ணனின் பால லீலைகளைப் பாடியபடியே கடைகிறாள். கை வேலையில் இருக்கிறது. மனம் இறைவனிடம் இருக்கிறது. பசியுடன் வந்த குழந்தைக்குப் பாலூட்டும்போது அடுப்பில் பால் பொங்குகிறது; அதை இறக்கி வைத்துத் திரும்புவதற்குள் தயிர்ப்பானை உடைகிறது. நம் இல்லங்களில் நடப்பது அனைத்தும் அங்கும் நடக்கிறது. அவள் கோலை எடுக்கிறாள். குழந்தை அஞ்சுவதைக் கண்டதும் அதை எறிந்துவிடுகிறாள். கட்ட முயன்றபோது கயிறு ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை குறைகிறது. தாய் களைத்ததைக் கண்டு இரங்கிய பிறகே பகவான் கட்டுண்டான். பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமகளுக்கும் கிட்டாத அருள் அவளுக்குக் கிட்டியது என்கிறது பாகவதம். அவள் அதைப் பெற்றது வனத்தில் அன்று, தன் வீட்டு முற்றத்தில்.

ஆலயத்தில் திருப்பள்ளியெழுச்சி, திருமஞ்சனம், அலங்காரம், நைவேத்தியம், பள்ளியறை சேவை என்ற முறை நாள்தோறும் மாறுவதில்லை. நேற்றுச் செய்ததுதானே என்று அர்ச்சகர் சலிப்பதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்ற உணர்வே பணியை வழிபாடாக்குகிறது. செய்வதையும் உண்பதையும் தனக்கே அர்ப்பணிக்குமாறு கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் கூறுவதும் இதையே.

எனவே குழந்தையை எழுப்பும்முன் அதனுள் உறையும் இறைவனை ஒரு கணம் மனத்தால் வணங்குங்கள். முதல் கவளத்தை இறைவனை நினைந்து ஊட்டுங்கள். தாலாட்டில் இறைவன் திருநாமம் ஒலிக்கட்டும். கோபம் எழும்போது யசோதை எறிந்த கோலை நினையுங்கள். இச்சாதனை தாய்க்கு மட்டுமன்று, தந்தைக்கும் உரியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ‘என் குழந்தை’ என்ற பற்று மிகுந்தால் அன்பே விலங்காகும். தம்பியின் மறைவுக்குப் பின் 1900-இல் பிறந்த ராதுவை அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் ஏற்று வளர்த்தார். அக்குழந்தையின் தாய் மனநலம் குன்றியவர்; ராதுவோ பிடிவாதம் மிக்கவள். அன்னை அனைத்தையும் பொறுத்து, கண்ணும் கருத்துமாகப் பேணினார். அதே அன்னை 1920-இல், தம் இறுதி நாட்களில், ராதுவிடமிருந்து மனத்தை முற்றிலும் விலக்கிக்கொண்டார். குறைவற்ற பணிவிடையும் பற்றின்மையும் ஒரே உள்ளத்தில் இணைந்திருக்க முடியும் என்பதை அவரது வாழ்வு காட்டுகிறது.

குழந்தை இறைவன் நம்மிடம் சில காலம் ஒப்படைத்த செல்வம். அதைப் பேணும் ஒவ்வொரு நாளும் பூஜை நாளே. அந்த உணர்வு நிலைபெற்றால் களைப்பு இருக்கும், சலிப்பு இராது.