நடந்ததா, நடக்கவில்லையா? – ஆங்கிலத்தில் இறந்தகால மோடல்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட ஆசிரியர்கள் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த பிறகு, பத்தாம் வகுப்பில் மோடல் துணைவினைகளை மீள்பார்வை செய்தேன். “வெள்ளத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்” என்றேன்.

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “மை ஃபாதர் மஸ்ட் ஹேவ் அன்டைட் தி கோட்ஸ்.” மோடல், அடுத்து ஹேவ், அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். வடிவத்தில் பிழை எதுவும் இல்லை. சரி என்று குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். “அப்பா ஆடுகளை அவிழ்த்து விட்டிருப்பார், அவை தப்பியிருக்கும்” என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

இடைவேளையில் பேச்சுவாக்கில், “ஆடெல்லாம் நல்லா இருக்கா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர். அவுத்து விட்டிருக்கணும். விடல. எல்லாம் போச்சு” என்றாள்.

அவள் நினைத்தது ஷுட் ஹேவ். எழுதியது மஸ்ட் ஹேவ். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் வாக்கியத்துக்கு நான் சரி போட்டிருக்கிறேன்.

பிழை எங்கிருந்து வருகிறது?

இது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. “அவிழ்த்து விட்டிருக்க வேண்டும்” என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஊகம்: சான்றுகளைப் பார்த்தால் அவிழ்த்து விட்டதாகவே தெரிகிறது. மற்றொன்று வருத்தம்: அவிழ்த்து விடுவதே முறை, ஆனால் விடவில்லை. பேசும்போது குரலும் சூழலும் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஆங்கிலமோ இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கேட்கிறது. ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ், வருத்தத்துக்கு ஷுட் ஹேவ். ‘வேண்டும் என்றால் மஸ்ட்’ என்று கீழ்வகுப்பில் மனப்பாடம் செய்த குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பே.

‘இருக்கலாம்’ என்பதும் இப்படித்தான். அந்த மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. சுமார் 800 பயணிகள் அந்த ரயிலில் இருந்தார்கள். “ரயில் தடம் புரண்டிருக்கலாம்” என்று நாம் சொன்னால், “தப்பித்தது பெரிய காரியம்” என்பது பொருள். செய்தி தெரியாத ஒருவர் அதே தொடரைச் சொன்னால், “புரண்டதோ என்னவோ” என்று பொருளாகிறது. முதலாவதற்குக் குட் ஹேவ், இரண்டாவதற்கு மே ஹேவ் அல்லது மைட் ஹேவ்.

ஒரே ஒரு கேள்வி

அன்று முதல் ‘இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இந்த ஆங்கிலச் சொல்’ என்று கற்பிப்பதை விட்டுவிட்டேன். எழுதும் முன் குழந்தை தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா?

• நடக்கவில்லை, நடந்திருந்தால் நல்லது – ஷுட் ஹேவ்
• நடந்தது, நடந்திருக்கக் கூடாது – ஷுடன்ட் ஹேவ்
• வாய்ப்பு இருந்தது, ஆனால் நடக்கவில்லை – குட் ஹேவ்
• பார்க்கவில்லை, ஆனால் சான்று இருக்கிறது – மஸ்ட் ஹேவ்
• பார்க்கவில்லை, உறுதியாகத் தெரியாது – மைட் ஹேவ்
• நடந்திருக்க வழியே இல்லை – குடன்ட் ஹேவ்

குட் ஹேவ் ஊகத்துக்கும் வரும். அதை முதல் நாளிலேயே சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். மேலே உள்ளவை பழகிய பிறகு சொல்லலாம்.

“முகாமுக்குப் போக வேண்டியிருந்தது” என்பதையும் இதனுடன் சேர்த்துக் கற்பிப்பது நல்லது. கட்டாயம் இருந்தது, போகவும் செய்தோம். இதற்கு ஹேட் டு. “வி மஸ்ட் ஹேவ் கான் டு தி கேம்ப்” என்று எழுதினால், போனது நமக்கே நினைவில்லை என்பதுபோல் ஆகிவிடும்.

வடிவத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹி, ஷி வந்தாலும் மோடலுக்குப் பின் ஹேஸ் வராது, ஹேவ்தான். அடுத்து வருவது வினையின் மூன்றாம் வடிவம்: ‘ஷுட் ஹேவ் வென்ட்’ தவறு, ‘ஷுட் ஹேவ் கான்’ சரி.

வகுப்பறையில்

மஸ்ட் ஹேவ் கற்பிக்கச் சுவரே போதும். வெள்ளம் புகுந்த கட்டடங்களில் சேற்றுக்கோடு நின்றிருந்தது. அதைக் காட்டி, “தண்ணீர் எதுவரை வந்தது?” என்று கேட்டேன். “தி வாட்டர் மஸ்ட் ஹேவ் ரீச்ட் திஸ் லைன்” என்றார்கள். யாரும் பார்க்கவில்லை, ஆனால் சான்று கண்முன்னே இருக்கிறது. உங்கள் ஊரில் ஈரமான குடை, பூட்டிய கடை, தரையில் காலடித் தடம் என எதையும் பயன்படுத்தலாம்.

பிறகு ஒரே தமிழ்த் தொடரைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு சூழல்களைச் சொல்லுங்கள். “பேருந்து வந்திருக்க வேண்டும்.” நிறுத்தத்தில் ஆளே இல்லை என்றால் எது? மணி ஒன்பதாகியும் எல்லோரும் காத்து நிற்கிறார்கள் என்றால் எது? இரு குழுக்களாகப் பிரிந்து விடை சொல்லட்டும். மெல்லக் கற்கும் மாணவர்களும் இதில் தயங்காமல் பேசுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஷுட் ஹேவ் என்பது குறை சொல்லும் மொழியும்கூட. இழப்பைச் சந்தித்த குழந்தையிடம் “உன் வீட்டில் என்ன செய்திருக்க வேண்டும்?” என்று வகுப்பின் முன் கேட்காதீர்கள். ரயில், பேருந்து, கிரிக்கெட் ஆட்டம் என்று பொதுவானவற்றில் தொடங்குங்கள். தன் கதையை எழுதுவதா வேண்டாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். திருத்தும்போதும் வடிவத்தை மட்டும் பார்த்துச் சரி போடாமல், “இது நடந்ததா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த மாணவி தன் வாக்கியத்தை ஷுட் ஹேவ் என்று திருத்தினாள். மறுநாள் நோட்டுடன் வந்து, “ராத்திரியில தண்ணி வரும்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்க முடியாதுல்லா டீச்சர், அத எப்படி எழுதணும்?” என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். முதல் வாக்கியத்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்: “பட் ஹி குடன்ட் ஹேவ் நோன்.”