ஊர்ச் சங்கங்களும் பஞ்சாயத்தின் பண உதவியும்

வாசகசாலை, இளைஞர் சங்கம், மாதர் சங்கம், இராப் பாடசாலை, தேகப் பயிற்சிக் கழகம் முதலியவை ஊரில் தோன்றுவதும், இரண்டொரு வருஷங்களில் மறைந்துபோவதும் நாம் அடிக்கடி காணும் விஷயமாகும். திறப்பு விழாவிற்குப் பந்தலும் மாலையும் குறைவின்றிக் கிடைக்கின்றன. மூன்றாம் வருஷத்தில் விளக்குக் கட்டணம் செலுத்த வழியின்றிக் கதவு பூட்டப்படுகிறது. அப்பொழுது சங்கத்தார், பஞ்சாயத்து உதவி செய்யவில்லை என்கின்றனர். பஞ்சாயத்தாரோ, கேட்க வேண்டிய முறையில் எவரும் கேட்கவில்லை என்கின்றனர். இரண்டிலும் சிறிது உண்மையுண்டு. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் சந்தா, கணக்கு, மகாசபை ஆகியவற்றில் பழகியவர்கள். ஆகையால் இவ்விஷயத்தை ஆராய அவர்களைவிடத் தகுதியுடையோர் ஊரில் வேறு எவருமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சங்கத்திற்கு வேண்டிய பணம் இரு வகைப்படும். கட்டடம், அலமாரி, பெஞ்சு, தையல் இயந்திரம் முதலியவற்றிற்கு ஒரே முறை செலவிடும் பணம் ஒரு வகை. விளக்குக் கட்டணம், பத்திரிகைச் சந்தா, பெருக்குகிறவருக்குக் கூலி, ஓட்டுப் பழுது ஆகியவற்றிற்கு மாதந்தோறும் செலவிடும் பணம் மற்றொரு வகை. முதல் வகைக்குக் கொடுக்க அரசாங்கத்தாரும் தனவந்தர்களும் முன்வருவர். கல்லில் பெயர் பொறிக்கலாமன்றோ? இரண்டாம் வகைக்குக் கொடுப்பவர் அரியர். சங்கங்கள் நலிந்து மடிவதோ பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பணம் இல்லாமையினாலேயே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நம் ஜில்லாவின் பழைய அனுபவத்தைப் பார்ப்போம்.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நாடார் உறவின்முறையார் மகமை என்னும் ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்தி வந்தனர். வியாபாரி தன் வாணிபத்தின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கென்று எடுத்து வைப்பதே மகமை. வண்டிகள் தங்கும் பேட்டைகளின் வருமானமும் பொது நிதியிற் சேர்ந்தது. இந்த நிதியிலிருந்து கோயிலும் கிணறும் மட்டுமன்றிப் பள்ளிக்கூடமும் நடந்தது. விருதுநகரில் 1880களில் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலைக்குப் பிடி அரிசியும் துணை நின்றது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பதும், அதைச் சேகரித்து விற்றுப் பள்ளிக்குச் செலவிடுவதுமே அந்த வழக்கம். பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியான காமராஜர் அப்பள்ளியில் பயின்றவர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொகையின் பெருமையன்று. வருமானம் கைக்கு வரும் வேளையிலேயே, கொடுப்பவருக்குத் தெரியாத அளவு சிறிதாக, தவறாமல் எடுக்கப்பட்டதே அதன் பலம். வருஷத்திற்கொரு முறை நோட்டுப் புஸ்தகத்துடன் வீடு வீடாகச் செல்லும் வசூலில் அந்தப் பலம் கிடையாது. ஆயினும் மகமையின் குறையையும் சொல்லாவிட்டால் பாடம் பாதியளவே ஆகும். வாணிபம் உள்ளவர்களிடமே மகமை வசூலாகும். ஒரு சமூகத்தாரின் கட்டுப்பாட்டிற்குள்ளேயே அது நடைபெறும். அன்றாடக் கூலி வாங்கும் தெருவுக்குப் பேட்டையும் இல்லை, கடையும் இல்லை. அத்தகைய தெருவில் ஒரு சங்கம் நலிவுறும்போது துணை நிற்பதற்கே ஊர்ப் பொதுப்பணம் தேவைப்படுகிறது.

பொதுமக்களின் பணமும் அரசாங்கத்தின் பணமும் எவ்வாறு கைகோக்கலாம் என்பதற்குப் பள்ளி மதிய உணவு நல்ல உதாரணம். காமராஜர் ஆட்சியில் 1956இல் அது பெரும்பாலும் ஊராரின் தருமமாகவே தொடங்கிற்று. இவ்வகைத் தருமம் அறுவடைக் காலத்தில் பெருகுவதும், கையில் தானியமில்லாத மாதங்களில் சுருங்குவதும் இயல்பே. ஆனால் பிள்ளைகளின் பசி மாதம் பார்த்து வருவதில்லை. 1957 முதல் அரசாங்கமும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 நயா பைசா என்று கணக்கிட்டு, அதில் 6 பைசாவை அரசாங்கமும் 4 பைசாவை ஊராரும் ஏற்றுக்கொண்டனர். இது கட்டடத்திற்குக் கொடுத்த பணமன்று, அன்றாடச் செலவிற்குக் கொடுத்த பணம் என்பதைக் கவனிக்க. அதன்பின் 1982இல் சத்துணவுத் திட்டம் ஏற்பட்டபோது பொறுப்பு அரசாங்கத்தினுடையதாயிற்று.

அக்காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முன்கூட்டியே பட்டியல் வகுத்து, அதை ஊரார் முன் வைத்து உதவி பெறுவதே அம்மாநாடுகளின் முறை. ‘ஏதேனும் உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பவனுக்குக் கிடைப்பது அனுதாபம். இன்னது வேண்டும், இவ்வளவு ஆகும் என்று கேட்பவனுக்கே பொருள் கிடைக்கும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் ஆகியவை கிராம ஊராட்சி செய்தே தீர வேண்டிய கடமைகள். வாசகசாலை, விளையாட்டிடம், முதியோர் கல்வி போன்றவை பணவசதிக்கேற்பச் செய்யத்தக்கவை. இந்த ஒரு வேறுபாடே அநேக விண்ணப்பங்களின் தலைவிதியை நிர்ணயிக்கிறது. குடிநீர்க் குழாய் உடைந்த வருஷத்தில் வாசகசாலைக்குப் பணம் கேட்டால், பஞ்சாயத்தார் மறுப்பது பெரும்பாலும் மனமின்மையாலன்று. நூலகங்களுக்கு மட்டும் நம் ராஜ்யத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்தியாவிலேயே முதன்முதலாக, வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வகை செய்தது. தொடக்கத்தில் அது வரி ரூபாய் ஒன்றுக்கு 6 பை, அதாவது அரையணா. உள்ளூர் ஸ்தாபனம் அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவினிடம் சேர்ப்பிக்க வேண்டும். இளைஞர் சங்கத்திற்கும் இராப் பாடசாலைக்கும் இத்தகைய தனி வரி இல்லை.

அரசாங்கத்தின் ‘நமக்கு நாமே’ திட்டத்தை அங்கத்தினர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1997-98இல் தொடங்கிய அது, 2011இல் தன்னிறைவுத் திட்டமென மாறி, 2021இல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. வேலையின் மதிப்பில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கையேனும் ஊரார் முன்னதாகச் செலுத்தினால், மீதியை அரசாங்கம் ஏற்கும் என்பது அதன் சாரம். பள்ளி வகுப்பறை, சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், குளம் தூர்வாருதல் போன்றவற்றிற்கு இது ஏற்றது. ஆனால் இதுவும் முதல் வகைப் பணமே. இத்திட்டத்தால் கட்டடம் எழலாம். அதில் மாதந்தோறும் விளக்கெரிய வேண்டிய பொறுப்பு சங்கத்தையே சாரும். கட்டி முடித்தபின் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடம், அடுத்த விண்ணப்பத்திற்கு விரோதமாகத் தானே சாட்சி சொல்லும்.

இங்கே சிவகாசி வட்டாரத்தின் தனி நிலைமையைச் சற்று விரிவாகக் கவனித்தல் அவசியம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிக் கிராமங்களில் திரளான குடும்பங்கள் பட்டாசு, தீப்பெட்டி ஆலைக் கூலியை நம்பியுள்ளன. வாரக் கூலி வரும் காலத்தில் மாதர் குழுவின் சேமிப்பும் சங்கச் சந்தாவும் ஒழுங்காக வருகின்றன. தீபாவளி முடிந்தபின் சில வாரங்கள் ஆலைகள் மூடியிருக்கும். அதுவாவது முன்கூட்டித் தெரிந்தது. முன்கூட்டித் தெரியாத நிறுத்தங்களே குழுக்களைக் குலைக்கின்றன. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பட்டாசுகளின் மருந்துச் சேர்க்கை பற்றிய கட்டுப்பாடுகள் வந்தன. அவ்வருஷம் தீபாவளிக்குப் பின் மூடிய ஆலைகள் பல மாதங்கள் திறக்கப்படவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய வேளைகளில் கணவனை இழந்தவளின் அருகில் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பதும், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஊர்ச் சங்கத்தின் வேலைகளே. ஆனால் அந்த வேளையில்தான் சந்தாவும் நின்றுபோகிறது. தேவை மிகும்போது நிதி வற்றுவது இவ்வட்டாரச் சங்கங்களின் மூல வியாதி.

இதற்குக் கணக்கு வழியே மருந்து தேடுவோம். கற்பனையாக ஒரு தெருவில் 40 குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பகம் நடத்துவதாகக் கொள்வோம். வாரம் குடும்பத்திற்கு 5 ரூபாய் வீதம் வாரம் 200 ரூபாய் வருகிறது. மாதச் செலவு 700, வருஷத்திற்கு 8,400 ரூபாய். வருஷம் முழுவதும், அதாவது 52 வாரமும் வேலையிருந்தால் வரவு 10,400 ரூபாய்; 2,000 மிஞ்சுகிறது. பன்னிரண்டு வாரம் ஆலை மூடினால் வரவு 8,000 ரூபாய், 400 குறைகிறது. இந்தப் படிப்பகம் மூடப்பட்டால், அது வெறும் 400 ரூபாய்க்காகவே மூடப்படுகிறது! நல்ல வருஷத்தில் மிஞ்சிய 2,000 ரூபாயை விழாவிற் செலவிடாமல் வைப்பாக வைத்திருந்தால், இத்தகைய ஐந்து வருஷக் குறையை அது தாங்கும். அவ்வைப்பும் தீர்ந்தபின் பஞ்சாயத்தினிடம் சென்று 8,400 ரூபாய் கேட்க வேண்டியதில்லை. 400 கேட்டால் போதும். சிறிய தொகையை, ஏன் குறைந்தது என்ற கணக்குடன் கேட்கும் சங்கத்தை மறுத்து அனுப்புவது எளிதன்று.

பணமாகவே கேட்க வேண்டும் என்பதுமில்லை. சும்மா கிடக்கும் ஊராட்சிக் கட்டடத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் இடம், ஒரு தண்ணீர்க் குழாய், வாசலில் ஒரு தெருவிளக்கு இவற்றைக் கொடுப்பது பஞ்சாயத்திற்கு எளிது. சங்கத்திற்கோ மாதச் செலவில் பெரும் பகுதி குறைகிறது.

விண்ணப்பத்தைத் தலைவரின் வீட்டுத் திண்ணையில் கொடுப்பதைவிடக் கிராம சபையில் வைப்பதே நலம். 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்திற்கு ஆறு நாட்களில் கூட்டப்பட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சென்ற மூன்று வருஷத்து வரவு செலவு, அங்கத்தினர் எண்ணிக்கை, தாங்களே திரட்டிய தொகை, குறைந்த தொகை ஆகியவை ஒரே தாளில் அடங்க வேண்டும். தீர்மானப் புஸ்தகத்தில் ஏறிய கோரிக்கை ஆள் மாறினாலும் நிலைக்கும். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர் என்பதை மறக்க வேண்டாம். ஒருவரின் வாய்வார்த்தையை நம்பியிருந்த சங்கங்கள் அப்பொழுது யாரிடம் போய் நிற்கும்?

கொடுப்பவர்களுக்கும் சில கடமைகளுண்டு. எந்தத் தெருச் சங்கத்திற்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எதற்கு மறுக்கப்பட்டது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவிட வேண்டும். உதவி செய்ததற்காகச் சங்கத்தின் நிர்வாகத்திலே தம் ஆளை நுழைப்பது கூடாது. பேசத் தெரிந்த சங்கமே எப்பொழுதும் பணம் பெறுவதும் நியாயமாகாது. மனு எழுதத் தெரியாத தெருவுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையை நம் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளே மேற்கொள்ளலாம்.

நம் சங்கத்திலிருந்தே கொடுக்கவும் வழியுண்டு. 1912ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், நிகர லாபத்தில் நாலிலொரு பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் தரும காரியத்திற்குக் கொடுக்கலாமென்று விதித்தது. இப்பொழுதுள்ள 1983ஆம் வருஷத்துச் சட்டத்திலும் லாபப் பங்கீட்டில் பொதுநல நிதிக்கு இடமுண்டு. லாபமே காணாத சங்கத்திற்கு இது பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது அங்கத்தினர்கள் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டு வருக. ஒரு கிராமத்து மாதர் சங்கத்தில் 60 குடும்பங்கள். வாரச் சந்தா குடும்பத்திற்கு 3 ரூபாய். ஆலை வேலை வருஷத்தில் 38 வாரமே உண்டு. மற்ற வாரங்களில் சந்தா வசூலாவதில்லை. மாதச் செலவு 650 ரூபாய். வருஷ முடிவில் குறையும் தொகை யாது? வாரச் சந்தாவை மூன்றரை ரூபாயாக உயர்த்தினால் நிலைமை என்ன? அந்த அரை ரூபாயை அங்கத்தினரிடம் கேட்பதா, குறையைப் பஞ்சாயத்தினிடம் கேட்பதா என்பதைக் கூட்டத்தில் வாக்கெடுத்து, முடிவைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதுக.