அடம்பன் கொடியைக் காப்போம்

“அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பது நம் முன்னோர் வாக்கு. ஒற்றுமைக்காகச் சொன்ன இப்பழமொழியில் மண்காக்கும் பாடமும் உண்டு.

வடமராட்சி கிழக்கிலே, மணற்காட்டில், பழைய அந்தோனியார் ஆலயம் மணலில் புதைந்து சிதைந்து கிடக்கிறது. பிடிப்பில்லாத மணல் காற்றோடு வந்து தோட்டத்தையும் கிணற்றையும் அவ்வாறே மூடிவிடும். பல ஆண்டுகள் இடம்பெயர்ந்திருந்து கரையோரக் காணிக்குத் திரும்பும் நாம், பற்றை வெட்டும்போது அடம்பனையும் பிடுங்கி எறிகிறோம். அது தவறு. அக்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கிறது. பறந்துவரும் மணல் அதன் இலைகளில் தடைப்பட்டு மேடாகிறது. அதன் ஊதாப் பூவைத் தேடித் தேனீயும் வரும்.

நடும் முறை:

1. மாரி மழை தொடங்கும் ஐப்பசியில் நடுவோம்.

2. முதிர்ந்த கொடியில் நாலைந்து கணுக்கள் உள்ள துண்டுகளை வெட்டுவோம். ஒரே இடத்தில் மொட்டையாக வெட்டலாகாது.

3. அலை எட்டாத வெறுமணலில், இரண்டு மூன்று கணுக்கள் ஈரமணலுள் புதைய, நுனி வெளியே தெரிய நடுவோம்.

4. விதையானால், அதன் தோல் கடினமானது. கல்லில் உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுவோம்.

5. இடையிடையே இராவணன் மீசையையும் வளரவிடுவோம்.

6. ஆடுமாடும் உழவு இயந்திரமும் மிதிக்காதபடி, கடலுக்குப் போக ஒரே பாதையை ஒதுக்குவோம்.

ஒரு வீட்டார் மட்டும் நட்டால், அடுத்த காணியின் திறந்த மணல் வழியே காற்று புகும். ஆகவே கரை நெடுகச் சேர்ந்து நடவேண்டும்.

கலந்துரையாடுவோம்:

நமது கரையில் அடம்பன் எங்கே எஞ்சியிருக்கிறது? இந்த மாரிக்கு முன் யார் யார் சேர்ந்து நடுவோம்?