தொங்கும் கலனில் கொடிப்பசளி

இடம்பெயர்ந்து முகாமிலோ உறவினர் வளவிலோ தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்களுக்குப் பாத்தி கட்ட இடமில்லை. கிடைக்கும் துண்டு நிலமும் பிறருடையது. எனினும் இறவாரத்திலோ மரக்கிளையிலோ தொங்கும் ஒரு கலனில் கறிக்கான கீரையை நாம் வளர்க்கலாம். அதற்கு ஏற்றது கொடிப்பசளி.

தண்டை நட்டாலும் பசளி வளரும். ஆனால் வெட்டிய தண்டு நெடுநாள் இருக்காது. விதையையோ சிறு போத்தலில் அடைத்து எங்கும் கொண்டு செல்லலாம். ஆகவே விதையிலிருந்து வளர்க்கும் முறையைப் பார்ப்போம்.

1. கலன்: ஒரு சாண் ஆழமுள்ள எண்ணெய்க் கலன் அல்லது தகரப்பேணி போதும். பூச்சிமருந்து இருந்த கலனை எவ்வளவு கழுவினாலும் பாவிக்கக் கூடாது. அடியில் 5 அல்லது 6 துளைகள் இட்டு, அதன்மேல் தேங்காய்ப் பொச்சைப் பரப்ப வேண்டும்.

2. மண்: மேல்மண் 2 பங்கு, மக்கிய மாட்டெரு 1 பங்கு, தும்புத்தூள் அல்லது மணல் 1 பங்கு கலக்க வேண்டும். பச்சை எரு வேரைக் கருக்கிவிடும்.

3. விதைத்தல்: பசளி விதையின் தோல் கடினமானது. கரடான கல்லில் மெதுவாக உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். கலனுக்கு 4 விதைகளை 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு, முளைத்தபின் திடமான 2 கன்றுகளை மட்டும் விடுவோம்.

4. பராமரிப்பு: கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டுத் தொங்கும். தொங்கும் கலன் விரைவில் காயும். தண்ணீர் குறைந்தால் செடி வேளைக்கே பூத்து, இலை சிறுக்கும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். புள்ளி விழுந்த இலைகளை உடனே கிள்ளி அகற்ற வேண்டும். நனைந்த மண் பாரமானது. ஆகவே கூடாரத்தின் மெல்லிய தடியில் கட்டாமல் உறுதியான கிளையில் கட்ட வேண்டும்.

5. அறுவடை: விதைத்து 6 முதல் 8 வாரங்களில் இலை பறிக்கலாம். கொடியை வேரோடு பிடுங்காமல் நுனிகளை வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். விற்றமின் ஏ, இரும்புச்சத்து கொண்ட இக்கீரை பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நல்லது. பருப்போடு சேர்த்துப் பால்விட்டுச் சமைக்கலாம்.

6. விதை எடுத்தல்: ஒரு கொடியையாவது வெட்டாமல் பூக்க விட வேண்டும். காய்கள் கருஊதா நிறமாகப் பழுத்ததும் பறித்து, சதையைக் கசக்கிக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளிலும், மீண்டும் வேறிடம் போக நேர்ந்தாலும், முதலில் ஊன்றுவதற்கு நம் கையில் விதை இருக்கும்.

குழுவில் பேசுவோம்

- நம் குடியிருப்பில் வீசப்படும் கலன்களில் எவை இதற்கு உதவும்?
- ஊரிலிருந்து கொண்டுவந்த விதைகள் யார் யாரிடம் உண்டு? அவற்றைப் பெருக்கி எவ்வாறு பகிர்ந்து கொள்வோம்?