சர்க்கரை நோயும் கால் தடுமாற்றமும்
(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க)



கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலைக்காரர்களுக்கு அந்தப் பாதை வாசலிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்களில் சிலர், வயது ஏற ஏற, "கால் மரத்துப் போச்சுங்க, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது" என்கிறார்கள். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பல வருஷம் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் நரம்பு கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் முதலில் மரப்பது கால் விரல் நுனி.

விழுவது ஏன்?

நாம் நேராக நிற்க மூன்று துணைகள் உண்டு: பாதத்தின் உணர்ச்சி, கண், காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. பாதம் மரத்துப் போனவர் பெரும்பாலும் கண்ணை நம்பியே நடக்கிறார். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி கரண்ட் போனால், அல்லது குளிக்கையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால், ஆள் தள்ளாடுவார். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. "ஏங்க, ஒரு செருப்பு எங்க?" என்று மனைவி கேட்ட பிறகு காலைப் பார்க்கிறவர்கள் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்கு ஊசியும் வேண்டாம், காசும் வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட முறை இது. ஒருவர் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் ஆள்காட்டி விரலால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, ஒரு காலுக்கு மூன்று, ஆக ஆறு இடம், ஒன்றிரண்டு நொடி மட்டும் மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தெரியவில்லை என்றால் அதே இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். தொழுநோயாலும் பாதம் மரக்கும். எதனால் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திரைப் பயிற்சி

நோயாளியின் காலில் சிறு கருவியைக் கட்டி, அவர் கால் அசைவதை எதிரே திரையில் காட்டுகிறார்கள். சில இடங்களில் கண்ணை மூடிய பெரிய கண்ணாடி மாட்டி, பொய்யான தெருவையே காட்டுவதும் உண்டு. அங்கே வரும் தடையை அவர் தாண்ட வேண்டும். கால் சொல்லாததைக் கண் சொல்லிக் கொடுக்கிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் இப்படித் திரைப் பயிற்சி செய்த சர்க்கரை நோயாளிகளுக்கு நிற்கும்போது ஆட்டம் குறைந்தது. செத்த நரம்பு இதனால் பிழைக்காது. மாத்திரையையும் நிறுத்த முடியாது.

கருவி இல்லாவிட்டாலும் அந்த யுக்தி நமக்கு உதவும். பகல் வெளிச்சத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைப் பார்த்தபடியே குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குங்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள். மற்றவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை இது வேண்டாம். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது) வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

ஒன்று கவனிக்க: மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கொல்லைக்குப் போனாலும் தள்ளாடும், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். அது சர்க்கரை இறங்கியதால் வருவது. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

கிரிவலம் போகலாமா?

மரத்த காலோடு வெறுங்காலில் வேண்டாம். வெயில் ஏறிய தார் ரோடு சுடுவதும், கல் குத்துவதும் தெரியவே தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே தெரியும். வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக உழைத்த நாட்களில் வந்தது எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே ஏற்றது. செருப்பு போட மனசு ஒப்பவில்லை என்றால் ஆட்டோவில் சுற்றி வாருங்கள். திரும்பி வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் மற்றவர் பார்க்கட்டும்.