எழுத்துக்கு ஓர் இல்லம்

நுழையும் முன்

எழுதுவது ஒரு பணி. எழுதியதைக் காப்பது மற்றொரு பணி. இடையில் நின்றுபோன வலைப்பூவை மீண்டும் தொடங்குவோர் எத்தகைய தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மாதுங்கா, தாராவி, செம்பூர், டிராம்பே ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. இங்குத் தமிழை விருப்பமொழியாகக் கற்கும் மாணவர்க்கு, வகுப்பறைக்கு வெளியே தமிழில் எழுதும் வாய்ப்புக் குறைவு. எழுதிப் பழகவும், ஊரிலுள்ள தாத்தா பாட்டி அதனைப் படித்து மகிழவும் வலைப்பூ நல்ல வாயிலாகும். பலர் ஆர்வத்துடன் தொடங்கி, சில மாதங்களில் நிறுத்திவிடுகின்றனர். மீண்டும் தொடங்கும்போது எழும் முதல் வினா, 'எந்தத் தளத்தில் எழுதுவது?' என்பதாகும்.

அழகிய வடிவமைப்பைக் கண்டு தளத்தைத் தேர்ந்தெடுத்தல் போதாது. ஜியோசிட்டீஸ் என்னும் தளம் 1994இல் தோன்றியது. இலட்சக்கணக்கானோர் அதில் தம் பக்கங்களை இலவசமாக அமைத்தனர். 1999இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009 அக்டோபரில், ஜப்பான் நீங்கலாக, மூடிவிட்டது. படி எடுத்து வைக்காதோர் பலர் தம் எழுத்தை இழந்தனர். பிறர் இடத்தில் குடியிருக்கும் எழுத்து, அவர் கதவை அடைத்தால் வெளியேற வழி வேண்டும் அன்றோ?

தமிழ் எழுத்துக்கு வேறோர் இடரும் இருந்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்ற முன்னோடிகள் தமிழை இணையத்தில் ஏற்றிய 1990களில், எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற குறிகளாகவே தோன்றும். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் பழைய குறியீடுகளில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அதனால் அவற்றை இன்று கைப்பேசியிலும் படிக்க முடிகிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே, பழைய பதிவுகளை மீண்டும் வெளியிடும்முன் அவை ஒருங்குறியில் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும்.

இன்று பலர் அறிந்த தளங்கள் பிளாகர், வேர்ட்பிரஸ் என்னும் இரண்டு. 1999இல் தோன்றிய பிளாகரை 2003 முதல் கூகுள் நடத்தி வருகிறது. அதில் கட்டணமும் பராமரிப்புச் சுமையும் இல்லை; ஆனால், நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட வேண்டும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். வாடகைக்குப் பெற்ற வழங்கியில் அதனை நிறுவினால் உரிமை மிகுதி. செலவும் பராமரிப்பும் நம்முடையவை. இரண்டிலும் பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தத் தளப்பெயர் பெற்றால், தளம் மாறினாலும் முகவரி மாறாது.

ஓலைச்சுவடிகள் காலப்போக்கில் சிதைந்தன. அவை சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதியோரால்தான் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அத்தகைய சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டார். ஒரே படியை நம்பாத அவ்வழக்கம் இணையத்துக்கும் பொருந்தும். எந்தத் தளமும் நிலையானதன்று. பெயர்த்து எடுக்கக்கூடிய எழுத்தே நிலைக்கும்.

சொற்பொருள்

ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை
வழங்கி – இணையப் பக்கங்களைச் சேமித்து அளிக்கும் கணினி
படி – நகல்

பயிற்சி

1. ஜியோசிட்டீஸ் மூடப்பட்டதிலிருந்து நாம் அறியும் பாடம் யாது?
2. மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியதால் விளைந்த நன்மை யாது?
3. பிளாகர், வேர்ட்பிரஸ் – ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: வலைப்பூ, ஓலைச்சுவடி.
5. செயல்பாடு: உங்கள் பகுதியைப் பற்றி ஒரு பத்தியை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க. வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தவிர்க்க.